பூட்டிய வீட்டில் விளக்கு எரியட்டும்: அலாரம் அமைப்பின் மூலம் விளக்குகளுக்கு நேரம் குறிப்பது பற்றிய கேள்விகள்

கோவையில் வீடுகளுக்கும் கடைகளுக்கும் அலாரம், கேமரா பொருத்தித் தருவது என் தொழில். வேலை முடிந்து கிளம்பும் நாளில் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் தொலைபேசி அடிக்கும். அதிலும் கேமராவைப் பற்றிக் கேட்பவர்களைவிட விளக்கைப் பற்றிக் கேட்பவர்கள்தான் அதிகம். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

ஊருக்குப் போகும்போது போர்ட்டிகோ விளக்கைப் போட்டுவிட்டுப் போகிறோம். அது போதாதா?

போதாது. சில சமயம் போடாமல் போவதே மேல். இரவில் எரிகிற விளக்கை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மறுநாள் காலை பதினொரு மணி வெயிலில் அதே விளக்கு எரிந்துகொண்டிருந்தால் தெருவில் போகிற எவருக்கும் கண்ணில் படும். ஒரு நாள் என்றால் மறந்துவிட்டார்கள் என்று நினைக்கலாம். மூன்றாம் நாளும் எரிந்தால் வீட்டில் ஆள் இல்லை என்பதை அந்த விளக்கே சொல்லிவிடுகிறது. மாலையில் ஏற்றுவதைப் போலவே காலையில் அணைப்பதும் முக்கியம் என்பதால்தான் நேரக் கட்டுப்பாடே தேவைப்படுகிறது.

அதற்கு ஒரு டைமர் வாங்கி மாட்டினால் ஆகாதா? அலாரத்தோடு ஏன் சேர்க்க வேண்டும்?

ஒரே ஒரு வாசல் விளக்குக்கு டைமர் தாராளமாகப் போதும். விற்பவன் நான் என்றாலும் அதை மறைக்க மாட்டேன்.

டைமருக்கு மணி மட்டும்தான் தெரியும். வீட்டில் ஆள் இருக்கிறதா, கதவு திறந்ததா என்பது தெரியாது. அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியான பேனலுக்கு இவை இரண்டும் தெரியும். நீங்கள் வெளியே போகும்போது ஒரு விதமாகவும், உள்ளே படுத்துத் தூங்கும்போது வேறு விதமாகவும் அதை இயக்குகிறீர்கள். விளக்கு அட்டவணையை அந்த நிலைகளோடு பிணைத்துவிடலாம். வீட்டில் ஆள் இருக்கும் நாளில் ஹால் விளக்கு யார் சொல்லியும் அணைய வேண்டியதில்லை. பூட்டிவிட்டுப் போன நாளில் மட்டும் பத்தரைக்கு அணைய வேண்டும். இந்த வித்தியாசத்தை டைமர் புரிந்துகொள்ளாது. நீங்கள் விருந்தாளியோடு பேசிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று இருட்டாக்கிவிடும்.

இன்னொன்று: பூட்டிய வீட்டில் இரவு இரண்டு மணிக்குப் பின்கதவு திறந்தால், அலாரம் அடிக்கிற அதே நொடியில் வீட்டின் எல்லா விளக்குகளும் எரியும்படி வைக்கலாம். சத்தத்தைவிட வெளிச்சத்துக்குத்தான் திருடன் அதிகம் பயப்படுகிறான் என்பது என் எண்ணம். சத்தம் கேட்டு எழுந்து வருபவர்கள் எந்த வீடு என்று தேட வேண்டும். விளக்கு எரிந்தால் தேட வேண்டியதில்லை.

எங்களிடம் பழைய அலாரம் பேனல் இருக்கிறது. அதோடு விளக்கைச் சேர்க்க முடியுமா?

மூடியைத் திறந்து, சைரனுக்குப் போகும் முனைகளைத் தவிர வேறு வெளியீட்டு முனைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் ஒரு ரிலே, அதாவது சிறிய மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச், வைத்து இணைக்கலாம். பேனலின் முனையில் வருவது பெரும்பாலும் 12 வோல்ட். அதில் 230 வோல்ட் விளக்கை நேரடியாகச் சேர்த்துப் பேனலையே புகைய விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விளக்கு எரிய மாலை ஆறரை என்று வைத்துவிட்டால் ஆண்டு முழுக்கச் சரியாக இருக்குமா?

இருக்காது. நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் மறையும் நேரம் மாறுவதே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். சென்னையில் நவம்பர் பிற்பகுதியில் ஏறக்குறைய 5.40க்கு மறைகிற சூரியன், ஜூலை தொடக்கத்தில் 6.40 வாக்கில்தான் மறைகிறது. ஒரு மணி நேர வித்தியாசம். ஆறரை என்று வைத்தால் நவம்பரில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் வீடு இருட்டிக் கிடக்கும். ஜூலையில் வெளிச்சத்திலேயே விளக்கு எரியும்.

ஊருக்கு ஊரும் மாறும். ஒரு டிகிரி மேற்கே போனால் சூரிய நேரம் நான்கு நிமிடம் பிந்தும். அந்தக் கணக்கில் கோவை சென்னைக்குச் சுமார் 13 நிமிடம் பின்னால் இருக்கிறது. அதனால் அலாரத்துக்கான தொலைபேசிச் செயலியில் ‘சூரிய அஸ்தமனம்’ என்ற வகையைத் தேர்ந்தெடுத்து உங்கள் ஊரையே குறிப்பிடுங்கள். இடத்தை டெல்லி என்று விட்டுவிட்ட ஒரு வீட்டுக்குப் போனேன். டிசம்பரில் அரை மணி நேரத்துக்கு மேல் முன்னதாகவும் ஜூனில் அரை மணி நேரம் தாமதமாகவும் எரிந்திருக்கிறது. ஒரு வருடமாகக் கருவியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள், பாவம்.

வாசல் விளக்கை அஸ்தமனத்துக்குப் பத்து நிமிடம் முன்பாகவே ஏற்றச் சொல்வேன். இருட்டிய பிறகு விளக்குப் போடுவது நம் பக்கத்து வழக்கம் இல்லை. விளக்கு வைக்கிற நேரம் என்று ஒன்று உண்டு. தெருவில் மற்ற வீடுகள் அதன்படி நடக்கும்போது உங்கள் வீடு மட்டும் தனித்துத் தெரியக்கூடாது.

அஸ்தமனக் கணக்குக்குப் பதிலாக வெளிச்சம் அறியும் சென்சார் வைக்கலாமா?

வாசலுக்கு நல்லது. வடகிழக்குப் பருவமழை நாளில் நாலரைக்கே மேகம் கவிந்துவிடும். கடிகாரத்துக்கு அது தெரியாது, சென்சாருக்குத் தெரியும். ஆனால் சென்சாரை விளக்கின் வெளிச்சம் படும் இடத்தில் வைத்துவிடாதீர்கள். விளக்கு எரிந்ததும் பகல் என்று நினைத்து அணைக்கும். அணைந்ததும் இரவு என்று மீண்டும் ஏற்றும். விடிய விடிய இதே வேலை. தெருவிளக்கின் வெளிச்சமும் இதே குழப்பத்தைச் செய்யும்.

சரி, உள்ளே எந்த விளக்கு எப்போது எரிய வேண்டும்?

இதை என்னைக் கேட்பதைவிட உங்கள் வீட்டைக் கேட்பது நல்லது. ஒரு வாரம் தெருப்பக்கமிருந்து எந்த ஜன்னலில் எப்போது வெளிச்சம் வருகிறது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். அந்தத் தாள்தான் உங்கள் அட்டவணை. உங்கள் வீட்டின் வழக்கமான மாலையை அப்படியே திருப்பிச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் இல்லாத நாளில் வீடு வழக்கத்தைவிடப் பளிச்சென்று இருந்தால் அதுவும் சந்தேகம் தரும்.

நான் அமைத்த ஒரு வீட்டின் கணக்கைச் சொல்கிறேன். கணவன் மனைவி, கல்லூரிக்குப் போகும் பையன், வயதான பாட்டி. காலை ஐந்தே காலுக்குச் சமையலறை ஜன்னலில் வெளிச்சம் வரும், ஆறரைக்கு அணையும். மாலையில் வாசலும் ஹாலும். ஏழே காலிலிருந்து எட்டரை வரை சமையலறை. ஹால் பத்து மணியைத் தாண்டி அணைய, அதற்குச் சற்று முன்பே மாடியில் பையன் அறை எரியத் தொடங்கும். பதினொன்றே முக்கால் வரை ஓடும். இந்த வீட்டில் எனக்குப் பிடித்தது, இரவு இரண்டு மணி வாக்கில் குளியலறை வென்டிலேட்டரில் ஐந்து நிமிடம் தெரியும் வெளிச்சம். பாட்டி எழுந்து போகும் நேரம் அது. ஐந்து நிமிடம்தான், ஆனால் வீட்டில் யாரோ விழித்திருக்கிறார்கள் என்பதை அதைவிடத் தெளிவாக வேறு எதுவும் சொல்லாது.

ஒரே நொடியில் இரண்டு அறைகள் அணைந்து எரியும்படி மட்டும் வைக்காதீர்கள். மனிதன் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு நடந்து போகிறான். முதலில் அங்கே போட்டுவிட்டு, பிறகு வந்து இங்கே அணைப்பான். இரண்டு மூன்று நிமிடம் இரண்டுமே எரியட்டும்.

‘விடுமுறை முறை’ என்று ஒன்று இருக்கிறதே? தானாகவே மாற்றி மாற்றி எரிக்குமாமே?

நேரத்தைச் சற்று முன்பின் நகர்த்துகிற வகை நல்லது. நீங்கள் வைத்த நேரத்துக்குப் பதினைந்து இருபது நிமிடம் அப்படி இப்படி எரியும், தினமும் 7.00.00க்கு எரிகிற வீட்டை நாலு நாள் கவனித்தால் எவனுக்கும் புரிந்துவிடும். ஆனால் எந்த அறை என்பதையும் கருவியே குலுக்கிப் போடுகிற வகை எனக்குப் பிடிக்காது. விடியற்காலை மூன்றுக்குப் பூஜை அறையில் ஒரு மணி நேரம் விளக்கு எரிந்தால் எதிர் வீட்டுக்காரரே பயந்து போவார்.

விளக்கைத் தவிர ஆள் இல்லை என்று காட்டிக்கொடுப்பது எது?

கோலம். நான் எந்த விலைக்குக் கருவி விற்றாலும் இந்த ஒன்றை அதனால் செய்ய முடியாது. தினமும் கோலம் போடுகிற வீட்டில் மூன்று நாள் வாசல் வெறிச்சென்று கிடந்தால், உள்ளே என்ன விளக்கு எரிந்தும் பயனில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி, வாசல் தெளித்து நாலு புள்ளி வைத்து ஒரு சின்னக் கோலம் போடச் சொல்லுங்கள். அப்படியே கேட்டில் செருகிய துண்டுப் பிரசுரங்களையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். பேப்பரையும் பால் பாக்கெட்டையும் நிறுத்திவிட்டுப் போங்கள். வெளியூர் போகும் தகவலைக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போவதும் நல்ல பழக்கம். ரோந்து வருபவர்கள் அந்தத் தெருவில் ஒரு பார்வை பார்ப்பார்கள். சுற்றுலாப் படங்களைச் சமூக வலைத்தளங்களில் திரும்பி வந்த பிறகு போட்டுக்கொள்ளலாம். கொடைக்கானல் எங்கும் போய்விடாது.

மின்சாரம் போய் வந்த பிறகு நடு இரவில் எல்லா விளக்குகளும் எரிகின்றன. ஏன்?

என்னிடம் வரும் புகார்களில் இதற்குத்தான் முதலிடம். செயலியாலும் அட்டவணையாலும் இயக்கக்கூடிய ஸ்மார்ட் சுவிட்சுகள் பெரும்பாலானவற்றில் ‘மின்சாரம் திரும்பியதும் என்ன நிலை’ என்று ஓர் அமைப்பு இருக்கும். எரியும் நிலை, அணைந்த நிலை, கடைசியாக இருந்த நிலை என்று மூன்று தேர்வுகள். கடையிலிருந்து வரும்போது சிலவற்றில் எரியும் நிலையே இருக்கும். உள் விளக்குகள் எல்லாவற்றையும் ‘கடைசியாக இருந்த நிலை’ என்று மாற்றிவிடுங்கள்.

இதோடு சேர்த்துக் கவனிக்க வேண்டியது, அட்டவணை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. சில கருவிகளில் அது எங்கோ இருக்கும் சர்வரில் இருக்கிறது. இணையம் அறுந்தால் அன்றைக்கு விளக்கு இல்லை. வேறு சிலவற்றில் வீட்டில் உள்ள பேனலிலோ சுவிட்சிலோ பதிவாகிவிடும். வாங்கும்போது ரௌட்டரை அணைத்துவிட்டு அட்டவணை ஓடுகிறதா என்று காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் பதில் தெரிந்துவிட்டது. எப்படியிருந்தாலும் ரௌட்டரையும் பேனலையும் இன்வர்ட்டர் இணைப்பில் வைத்துவிடுங்கள். தெருவே இருட்டாக இருக்கும்போது உங்கள் வீட்டில் மட்டும் மூன்று அறைகள் எரிய வேண்டியதில்லை. ஆனால் அலாரம் விழித்திருக்க வேண்டும்.

மின்தடையைவிட மோசமானது நியூட்ரல், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் வயர், அறுந்துபோவது. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 300க்கு மேல்கூட ஏறிவிடலாம். குண்டு பல்பு ஒன்றிரண்டு போகும். ஸ்மார்ட் சுவிட்சுகளோ வரிசையாகப் போகும். மீட்டருக்குப் பின்னால் மின்னழுத்தம் ஏறினால் துண்டித்துவிடும் கருவி ஒன்றைப் போடுவது, அத்தனை சுவிட்சுகளையும் மறுபடி வாங்குவதைவிட மலிவு.

மாலை ஆறு மணிக்கு வைத்த விளக்கு மூன்றரைக்கே எரிகிறதே?

கருவி சீன நேரத்தில் இருக்கிறது. அவர்கள் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். நேர மண்டலத்தை +5.30 என்று மாற்றுங்கள்.

சுவிட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. மங்கலாக எரிகிறது, சில சமயம் மினுக்குகிறது. பல்பு கெட்டுவிட்டதா?

பல்பு நன்றாகத்தான் இருக்கிறது. நியூட்ரல் இணைப்பு இல்லாமல் வேலை செய்யும் சுவிட்சைப் பொருத்தியிருப்பார்கள். அந்தச் சுவிட்சுக்கும் உயிர் வாழக் கொஞ்சம் மின்சாரம் வேண்டும். அதை விளக்கின் வழியாகவே எடுத்துக்கொள்ளும். பழைய குண்டு பல்புக்கு அந்தத் துளி மின்சாரம் ஒன்றுமே இல்லை. எல்.இ.டி.க்கு அதுவே போதும், மங்கலாக எரியத் தொடங்கிவிடும். விளக்கின் இரு முனைகளுக்கும் குறுக்கே இதற்கென்று விற்கும் சிறிய கப்பாசிட்டர் ஒன்றைப் போட்டால் நின்றுவிடும். நம் வீட்டு சுவிட்ச் போர்டுகளில் பெரும்பாலும் ஒரு பிளக் பாயின்ட்டும் சேர்ந்தே இருப்பதால் நியூட்ரல் வயர் அங்கேயே கிடைக்கும். மாடிப்படி சுவிட்சில்தான் சிக்கல். புது வீடு கட்டுகிறீர்கள் என்றால் எல்லாப் பெட்டிக்கும் நியூட்ரல் இழுக்கச் சொல்லுங்கள். பூச்சு வேலை முடிந்த பிறகு நினைவு வந்தால் சுவரை உடைக்க வேண்டும்.

போர்டைத் திறக்கிற வேலையை உரிமம் பெற்ற வயர்மேனிடம் விடுங்கள்.

ஸ்மார்ட் பல்பா, ஸ்மார்ட் சுவிட்சா?

சுவிட்ச். நம் வீடுகளில் கை தானாகச் சுவருக்குப் போகும். அம்மா தூங்கப் போகும்போது எல்லாச் சுவிட்சையும் தட்டிவிட்டுப் போவார். மின்சாரம் இல்லாத ஸ்மார்ட் பல்பு வெறும் பல்புகூட இல்லை. இருக்கிற சுவிட்சுக்குப் பின்னால் உட்காரும் சிறிய ரிலேயைப் போட்டால் சுவிட்சைத் தட்டினாலும் எரியும், அட்டவணைப்படியும் எரியும். வாடகை வீடு என்றால் போர்டில் கை வைக்காமல், பிளக்கில் செருகும் ஸ்மார்ட் பிளக்கும் ஒரு மேசை விளக்கும் போதும்.

கேமராவும் இருக்கிறது. விளக்கு எரிந்தால் படம் நன்றாக வருமா, கெடுமா?

விளக்கு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இருட்டில் கேமரா, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசிக் கறுப்பு வெள்ளையில் படம் எடுக்கிறது. சட்டைக்கு என்ன நிறம், வண்டிக்கு என்ன நிறம் என்று அதில் சொல்ல முடியாது. வாசல் விளக்கு விடிய விடிய எரிந்தால் வண்ணப் படம் கிடைக்கும். ஆனால் விளக்கு கேமராவின் பின்னாலோ மேலேயோ இருக்க வேண்டும். கேமராவைப் பார்த்து விளக்கு நின்றால், வருகிறவனின் முகம் இருட்டுப் பொம்மையாகத்தான் பதிவாகும்.

அசைவைக் கண்டதும் எரியும் விளக்கு என்றால் இன்னொரு சங்கதி உண்டு. விளக்கு எரிகிற நொடியில் கேமரா கறுப்பு வெள்ளையிலிருந்து வண்ணத்துக்கு மாறும். அந்த ஓரிரு வினாடிகள் படம் வெளுத்துப் போகலாம். ஆள் கேட்டைத் தாண்டுவதும் அந்த வினாடிகளில்தான். அதனால் வாசலில் மங்கலாக ஒரு விளக்கை இரவு முழுக்க எரியவிட்டு, அசைவு தெரிந்தால் பிரகாசமான இரண்டாவது விளக்கு எரியும்படி வைப்பது என் வழக்கம்.

அசைவு சென்சார் பூனைக்கெல்லாம் எரிகிறது.

அந்த சென்சார் சூடான உடல் நகர்வதைத்தான் பார்க்கிறது. பூனையும் சூடான உடல்தான். உயரத்தையும் சாய்வையும் மாற்றினால் பாதி குறையும். மேற்கு வெயில் நேரடியாகப் படும் சுவரையும் ஏசியின் வெளிப்பெட்டியையும் பார்த்து வைக்காதீர்கள். சென்சார் மூடியின் மேலேயே பல்லி ஓடினால் அதற்கு மருந்தில்லை. துடைத்து வையுங்கள், சிலந்தி வலை பூச்சியை இழுக்கும், பூச்சி பல்லியை இழுக்கும்.

கடைக்கும் இதே முறைதானா?

இல்லை, கிட்டத்தட்ட நேர்மாறு. வீட்டில் ஆள் இருப்பதுபோல் காட்ட வேண்டும். கடையில் இரவு ஆள் இல்லை என்பது ஊருக்கே தெரியும். அங்கே விளக்கின் வேலை, உள்ளே யாராவது நடமாடினால் வெளியே தெரியும்படி செய்வது. கண்ணாடிக் கதவும் கம்பி ஷட்டரும் உள்ள கடையில் கல்லாப் பக்கம் ஒரு விளக்கு இரவெல்லாம் எரியட்டும், கல்லாவைத் திறந்து காலியாகவே வைத்துவிடுங்கள். தகட்டு ஷட்டர் முழுக்க மூடும் கடையில் உள் விளக்குக்கு அர்த்தமில்லை. பின்பக்கச் சந்துக்கு வெளிச்சம் போடுங்கள்.

கடையில் நேரத்தை நம்பாதீர்கள். ஒன்பதரைக்கு மூடுகிற ஜவுளிக்கடை தீபாவளிக்கு முந்தைய வாரம் நள்ளிரவு வரை திறந்திருக்கும். ஒன்பதரைக்கு எல்லா விளக்கும் அணையும்படி வைத்துக்கொடுத்த ஒரு கடையில், கூட்டம் நிறைந்த நேரத்தில் இரண்டு தளங்களும் இருண்டுபோய், முதலாளி என்னை அழைத்த குரல் இன்னும் காதில் இருக்கிறது. தவறு என்னுடையது. அன்றிலிருந்து கடை விளக்குகளை மணியோடு கட்டுவதில்லை. கடைசி ஆள் அலாரத்தை இயக்கிவிட்டு ஷட்டரை இறக்கினால், இரண்டு நிமிடம் கழித்து விளக்குகள் அணையும். காலையில் அலாரத்தை விடுவித்தால் எரியும். பெயர்ப்பலகைக்கு மட்டும் அஸ்தமனமும் மணியும்.

ஐம்பது அறுபது குழல் விளக்குகளை ஒரு சின்ன ரிலே தாங்காது. எல்.இ.டி. விளக்குகள் எரியத் தொடங்கும் கணத்தில் வழக்கத்தைப்போலப் பத்து மடங்குக்கும் மேல் மின்னோட்டத்தை இழுக்கும். ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் பிறகு விளக்கு அணையவே அணையாது. ரிலே, பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் கான்டாக்டர் என்ற சுவிட்சை இயக்கட்டும், கான்டாக்டர் விளக்குகளை இயக்கட்டும்.

மின் கட்டணம் ஏறுமா?

விளக்கால் ஏறாது. 9 வாட் எல்.இ.டி. தினம் ஆறு மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு மூன்றேகால் யூனிட்தான். கவனிக்க வேண்டியது சும்மா காத்திருக்கும் சுவிட்சுகள். ஒன்றுக்கு ஒரு வாட் என்று வைத்தாலும் பத்துச் சுவிட்சுகள் இரண்டு மாதத்தில் 14 யூனிட்டுக்கு மேல் சாப்பிடும். இலவச யூனிட் கணக்கில் எல்லையை ஒட்டி நிற்கும் சிறு குடும்பத்துக்கு இது ஒரு பொருட்டுதான். தெருவிலிருந்து தெரியாத அறைக்கு ஸ்மார்ட் சுவிட்ச் எதற்கு?

பொருத்திக் கொடுத்தவருக்கு எங்கள் வீட்டு அட்டவணை தெரியுமே, அது பரவாயில்லையா?

நியாயமான பயம். கேட்காமல் இருப்பவர்கள்தான் அதிகம். பல வீடுகளில் முதன்மைக் கணக்கே பொருத்தியவரின் தொலைபேசி எண்ணில் இருக்கிறது. நீங்கள் வெறும் விருந்தாளிக் கணக்கில் இருக்கிறீர்கள். செயலியைத் திறந்து உரிமையாளர் யார் என்று பாருங்கள். உங்கள் எண்ணுக்கு மாற்றச் சொல்லுங்கள், கடவுச்சொல்லையும், பொருத்துபவர் பேனலின் அமைப்புகளுக்குள் போகப் பயன்படுத்தும் நிறுவுநர் குறியீட்டையும் மாற்றுங்கள். எங்கள் வாடிக்கையாளர்களிடம் இதை நானே கையோடு செய்யச் சொல்கிறேன். பிறகு பழுது பார்க்க ஒவ்வொரு முறையும் அவர்களையே அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது, கேட்டுக்கொள்கிறேன்.

எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று ஊருக்குப் போகுமுன் எப்படிப் பார்ப்பது?

கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஒரு மாலை, அலாரத்தை வெளியே போகும் நிலையில் வைத்துவிட்டு, வீட்டைப் பூட்டி எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். எதிரே டீக்கடை இருந்தால் நல்லது. ஐந்தரையிலிருந்து எட்டு வரை அங்கே உட்கார்ந்து உங்கள் வீட்டைப் பாருங்கள். நடுவில் ஒரு முறை மெயினை அணைத்துப் போட்டு, எது எரிகிறது, எது எரியவில்லை என்று கவனியுங்கள். தெரிந்தவர் யாராவது வந்து, “என்னங்க, வீட்டில் ஆள் இருக்கும்போது இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்?” என்று கேட்டால் அட்டவணையில் இனிக் கை வைக்காதீர்கள்.